கடலுக்குப் போகும் நாளில் மாத்திரையை நிறுத்தலாமா?

இரண்டு பக்கக் கடிதத்தில் பதினோரு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். என்னைத் தூக்கிவாரிப்போட்டது அவற்றில் எதுவும் இல்லை. நடுவே போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரி. போன மாதம் தங்கச்சிமடத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்த அப்பாவின் கையிலிருந்து ஊசி நழுவி விழுந்தது, எடுக்கப் போனவருக்கு விரல் மடங்கவில்லை, பேச்சும் குழறியது, கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது, வெயில்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள் என்ற வரி.

வெயில் என்று அதை விட்டுவிட முடியாது, அம்மா. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு உள்ள 68 வயதுக்காரருக்கு இப்படி நடந்தால், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை உறைந்த ரத்தத்தின் ஒரு சிறு கட்டி அடைத்துவிட்டுக் கரைந்திருக்கிறது என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். வந்து மறையும் பக்கவாதம் இது. அடுத்த முறை வரும் கட்டி கரையாமல் நின்றுவிடலாம். அதனால்தான் கடிதம் கிடைத்த மாலையே நீங்கள் கொடுத்திருந்த எண்ணுக்கு அழைத்து, மறுநாளே ராமநாதபுரம் மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். மற்ற வீடுகளுக்கும் பயன்படும் என்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் உண்மையான பயம் எனக்குப் புரிகிறது. தூண்டில் முள்ளோ மீன் முள்ளோ கிழித்து, நடுக்கடலில் ரத்தம் நிற்காமல் அப்பா போய்விடுவாரோ என்பதுதான் அது. அதற்காகவே கடலுக்குப் போகும் நாட்களில், ரத்தம் உறைந்து கட்டியாகாமல் காக்கும் அபிக்சபான் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். வாரத்தில் நான்கு நாள்! அந்த மாத்திரையின் வேலை ஏறக்குறைய அரை நாள்தான் நீடிக்கும், அதனால்தான் காலை ஒன்று, இரவு ஒன்று என்று கொடுக்கிறோம். விட்டுவிட்டுச் சாப்பிட்டால், விட்ட நாட்களில் பாதுகாப்பே கிடையாது. ரத்தம் தண்ணீராகிவிடும் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு இருக்கிறது. ஆகாது. உறைவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். கையில் வெட்டுப்பட்டால் சுத்தமான துணியை வைத்துப் பதினைந்து நிமிடம், இடையில் எடுத்துப் பார்க்காமல், அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான காயங்கள் அதிலேயே அடங்கிவிடும். நான் கவலைப்படுவது வெட்டைப் பற்றியல்ல. படகின் விளிம்பில் தலை மோதினால், வெளியில் காயமே இல்லாவிட்டாலும், கரைக்கு வந்து ஸ்கேன் எடுக்க வேண்டும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலும் அன்றே வர வேண்டும்.

இனி, மாத்திரைக்குப் பதிலாக இதயத்தில் பொருத்தலாம் என்று இணைய வீடியோவில் பார்த்தீர்களே, அந்தக் கருவி. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதால் ரத்தம் தேங்குகிறது. இடது மேலறையில் காது மடல் போல ஒரு சிறு பை உண்டு. வால்வு கெடாதவர்களுக்குக் கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அங்கேதான் உருவாகின்றன. தொடைச் சிரை வழியாகக் குழாய் செலுத்தி, அந்தப் பையின் வாயை அடைத்துவிடுகிறது கருவி. வாட்ச்மேன் என்ற வகைக்கு அமெரிக்காவில் 2015இல் அனுமதி கிடைத்தது, இந்தியாவிலும் பொருத்துகிறார்கள். நல்ல கருவிதான், ஆனால் யாருக்கு? மூளையில் ஒருமுறை ரத்தம் கசிந்தவருக்கு, குடலில் திரும்பத் திரும்பக் கசிபவருக்கு, மாத்திரையை எடுத்துக்கொள்ளவே முடியாதவருக்கு. பல லட்சம் செலவழித்து அதைப் பொருத்திக்கொண்ட மறுநாளே மாத்திரையை வீசிவிடலாம் என்று அந்த வீடியோ சொல்வது தவறு. பொருத்திய பிறகும் முதல் சில மாதங்களுக்கு ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து வேண்டும், அதன் பின்னும் பெரும்பாலும் ஆஸ்பிரின் தொடரும். கழுத்து ரத்தக்குழாயிலிருந்து வரும் கட்டியை அது தடுக்காது. வாத மூட்டுக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுக்கு இந்தக் கருவி பொருந்தாது, அபிக்சபானும் பொருந்தாது. ரத்தம் உறையும் அளவை அடிக்கடி சோதித்துக்கொண்டு எடுக்கும் பழைய மாத்திரைதான் அவர்களுக்கு. ஆகவே இதயத்தையும் வால்வுகளையும் ஸ்கேன் செய்து காட்டும் எக்கோ அறிக்கையைப் பார்க்காமல் கருவி பற்றிய பேச்சே வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரருக்கு வைத்த பேஸ்மேக்கர் வேறு சமாச்சாரம்; அது மெதுவான துடிப்பைச் சரிசெய்யும், கட்டியைத் தடுக்காது.

ஈறில் ரத்தம் கசிகிறது, முழங்கையில் நீலம் பாரித்திருக்கிறது என்றீர்கள். மாத்திரைமேல் பழி போடுவதற்கு முன், முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக்கை நிறுத்துங்கள். சீட்டே இல்லாமல் வாரக்கணக்கில் அதைப் போட்டுக்கொண்டே ரத்தம் கசிகிறதே என்று கேட்டால் நான் என்ன சொல்வது? இரண்டும் சேர்ந்தால் வயிற்றுக்குள் புண் விழுந்து ரத்தம் கொட்டலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். மருதம்பட்டைக் கஷாயத்தை மாத்திரைக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். முருங்கைக்கீரை தாராளமாகச் சாப்பிடட்டும், அபிக்சபானுக்கு அதனால் கெடுதல் இல்லை. படபடப்பு, ஏப்பம், இரவில் கால் மரத்துப்போவது பற்றி அடுத்த பரிசோதனையில் பேசிக்கொள்ளலாம்.

பல வருடங்களுக்கு முன் கீழக்கரைப் பக்கத்திலிருந்து ஒருவரைக் காலை பத்து மணிக்குக் கொண்டுவந்தார்கள். முந்தைய நாள் சாயங்காலமே வாய் கோணியிருக்கிறது. தைலம் தேய்த்துத் தூங்க வைத்துவிட்டார்கள். அவருடைய மனைவி அந்தக் கையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டே இருந்தார், அது நனைந்த கயிறு போல நழுவிக்கொண்டே இருந்தது. கட்டியைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அவருக்கு என்னால் அதைப் போட முடியவில்லை.

வாய் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சு குழறினால், சரியாகிவிட்டாலும்கூட, உடனே 108. உங்கள் ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரம் வரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். கடலில் நடந்தால் கடலோரக் காவல் படையின் 1554. கடைசி மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று மருத்துவர் முதலில் கேட்பார், ஊசி போடலாமா என்பது அதைப் பொறுத்தது. ஆகவே மாத்திரையின் பெயரையும் வேளையையும் ஒரு சீட்டில் எழுதி, கடலுக்குக் கொண்டுபோகும் அடையாள அட்டையின் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துவிடுங்கள்.

ராமநாதபுரம் போகும்போது எக்கோ அறிக்கையோடு, வலி மாத்திரை உட்பட வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். சிறுநீரக ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள், மாத்திரையின் அளவை முடிவுசெய்ய அது வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவுக்கு வந்ததும் சாப்பிடட்டும், இரண்டாகச் சேர்த்துச் சாப்பிட வேண்டாம். பார்த்த மருத்துவர் சரி என்று சொல்லும்வரை அப்பாவைத் தனியாகக் கடலுக்கு அனுப்பாதீர்கள்.