ஏ.பி. அமெரிக்க வரலாறு: தேதிகளை மனப்பாடம் செய்தும் மதிப்பெண் ஏன் வரவில்லை?

மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கப் போகிறாள், பதினோராம் வகுப்பில் ஏ.பி. (Advanced Placement, பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடம்) அமெரிக்க வரலாற்றோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் இருப்பது டெக்சாஸ். அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் எந்தத் துறையில் இளநிலைப் பட்டம் வாங்குவதானாலும் அமெரிக்க வரலாற்றில் 6 கிரெடிட் (பட்டத்துக்கான பாட அலகு) எடுத்தாக வேண்டும். மாநிலச் சட்டமே அப்படி. ஏ.பி. தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தால் அதில் ஒரு பகுதியாவது கழியும். எந்த மதிப்பெண்ணுக்கு எத்தனை கிரெடிட் என்பது இடத்துக்கு இடம் மாறும். அவள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகங்களின் தளத்திலேயே பாருங்கள்.

இரவெல்லாம் உருப்போட்டும் சறுக்குகிறாள் என்கிறீர்கள். நம் ஊர்ப் பொதுத்தேர்வுப் பழக்கம் இங்கே கைகொடுக்காது. 3 மணி 15 நிமிடத் தேர்வில் ஆண்டை மட்டும் கேட்கும் கேள்வி வராது. 55 கொள்குறி வினாக்களும்கூட ஒரு பத்தியையோ படத்தையோ வரைபடத்தையோ ஒட்டியே வரும்; அவற்றுக்கு 40 சதவீதம். மூன்று குறுவிடைகளுக்கு 20, நீள்கட்டுரைக்கு 15.

மீதி 25 சதவீதம் ஆவணக் கட்டுரைக்கு, அதாவது கொடுக்கப்படும் ஆவணங்களை வைத்து எழுதும் கட்டுரைக்கு. பெரும்பாலான பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான். ஏழு ஆவணங்கள், 60 நிமிடம், அதில் முதல் 15 நிமிடம் வாசிக்க. மொத்தம் 7 புள்ளி: வாதத்துக்கு 1, காலப் பின்னணிக்கு 1, குறைந்தது நான்கு ஆவணங்களை வாதத்துக்குச் சான்றாக்கினால் 2, வெளிச்சான்றுக்கு (அந்த ஆவணங்களில் இல்லாத சான்று) 1, இரண்டு ஆவணங்களை யார், யாருக்காக, ஏன் எழுதினார் என்று அலசினால் 1, பல கோணங்களையும் பார்க்கும் ஆழமான புரிதலுக்கு 1. "முதல் ஆவணம் இதைச் சொல்கிறது, இரண்டாவது அதைச் சொல்கிறது" என்று சுருக்கி எழுதினால் எத்தனை பக்கம் எழுதினாலும் மொத்தப் புள்ளியில் பாதிகூடத் தேறாது.

அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்து அதை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸ் 1852 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ஆற்றிய உரை வருகிறது என்று வையுங்கள். "அடிமை முறையை எதிர்த்தார்" என்பது அலசல் ஆகாது. அவரை அழைத்ததே அடிமை முறைக்கு எதிரான ஒரு பெண்கள் சங்கம். ஏற்கெனவே தம் பக்கம் இருப்பவர்களிடம் ஏன் அவ்வளவு காட்டமாகப் பேசினார்? தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக்கொடுக்க வட மாநிலத்தாரையும் கட்டாயப்படுத்திய 1850 சட்டம் அப்போது நடப்பில் இருந்தது. சுதந்திர தினக் கொண்டாட்டத்தில் அவர்களுக்கும் உறுத்தல் வர வேண்டும் என்பது அவர் நோக்கம். இதைத் தன் வாதத்தோடு முடிச்சுப் போட்டால்தான் புள்ளி.

வெளிச்சான்றிலும் பெயரை உதிர்த்தால் போதாது. அமெரிக்க அரசமைப்பின் 14ஆம் திருத்தம் (1868) என்று எழுதினால், அது தந்த குடியுரிமை உரிமைகளைத் தென் மாநிலங்கள் 1877க்குப் பிறகு எப்படி வெறும் காகிதமாக்கின என்பதையும் சேர்க்க வேண்டும்.

நேரத்தைப் பங்கிடுவதில் இன்னொரு கோளாறு. 1607க்கு முந்தைய காலத்துக்குத் தேர்வில் 4 முதல் 6 சதவீதம்தான். 1945 முதல் 1980 வரைக்கோ 10 முதல் 17. செப்டம்பரில் நிதானமாக நடந்து, ஏப்ரலில் பனிப்போரையும் சிவில் உரிமைப் போராட்டத்தையும் ஓட்டமாகக் கடப்பது பல வகுப்புகளின் வழக்கம். இந்தப் பிற்காலப் பகுதியை அவள் குளிர்கால விடுமுறையிலேயே ஒருமுறை வாசித்துவிடட்டும். ஜனவரியிலிருந்து வாரத்துக்கு ஓர் ஆவணக் கட்டுரை, கடிகாரம் வைத்து, கணினியில் தட்டச்சு செய்து. மே மாதத் தேர்வும் கணினியில்தான்.

உங்களுக்கு இந்த வரலாறு தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். ஓர் ஆவணத்தை எடுத்துத் தமிழிலேயே உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள், "இதை யாரிடம் சொன்னார், ஏன் அப்போது சொன்னார்?" என்று மட்டும் கேளுங்கள். பள்ளி வழியாகத் தேர்வுக்குப் பதிவு செய்யும் கெடு நவம்பர் நடுவிலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு கூடுதல் கட்டணம்.