பத்தில் ஒன்று: தசமபாகம் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் சபைக்கு 17 வருடம் பொருளாளராக இருந்தேன். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையைக் கொட்டி எண்ணுகிற மேசையில்தான் வேதத்தின் சில பகுதிகள் எனக்குச் சரியாகப் புரிந்தன. அறுப்பின் பண்டிகை நெருங்குகிறது, வரவில் பத்தில் ஒன்றைக் கர்த்தருக்கென்று கொடுக்கிற தசமபாகம் பற்றி மனதில் இருப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கடலூரிலிருந்தும் புதுவையிலிருந்தும் லுத்தரன், சிஎஸ்ஐ, கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று எல்லாரும் கேட்டிருக்கிறீர்கள்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் என் மனைவியும் கல்யாணமான மாதத்திலிருந்து தசமபாகம் கொடுத்து வருகிறோம், சந்தோஷமாகவே கொடுக்கிறோம். ஆனால் கொடுக்காதவன் சாபத்துக்குள் இருக்கிறான் என்று யார் சொன்னாலும் எதிர்த்துப் பேசுவேன்.

லாஸ்பேட்டை, முதல் வேலையில் சேர்ந்திருக்கும் தங்கை: அண்ணா, சம்பளம் 28,000. பிஎஃப் 1,800 போகக் கையில் வருவது 26,200. எதில் பத்தில் ஒன்று எடுப்பது?

இரண்டுக்கும் வித்தியாசம் 180 ரூபாய். அதற்காகத் தூக்கம் கெட வேண்டாம் தங்கை. முழுச் சம்பளத்தில் கொடுத்தால் 2,800. கையில் வருவதில் கொடுத்தால் 2,620. அப்புறம் என்றைக்காவது பிஎஃப் பணம் மொத்தமாக வரும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்றை முடிவு செய்து அதிலேயே நில்லுங்கள். சம்பளம் வந்த அன்றே தனியாக எடுத்து வைப்பது நல்லது. வாரத்தின் முதல் நாளிலேயே அவரவர் தம் வரவுக்குத் தக்கபடி சேர்த்து வைக்க வேண்டும் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 16:2). மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் பார்த்துக் கொடுக்கலாம் என்று நினைத்தால், மிஞ்சாது. பொருளாளராக இருந்து நான் பார்த்தது இது.

கடலூர் முதுநகர், விசைப்படகில் பங்குக்குப் போகிறவர்: ஐயா, ஒரு தடவை போனால் பங்கு 3,000 வரும். அடுத்த தடவை டீசல் காசே தேறாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் கடலுக்கே போக முடியாது. எங்களுக்கு எப்படிக் கணக்கு?

உங்களுக்காகவே எழுதினது போல ஒரு வசனம் இருக்கிறது, லேவியராகமம் 27:32. ஆடுமாடுகளைக் கோலின் கீழ் ஒவ்வொன்றாக விட்டு எண்ணுவார்கள்; பத்தாவதாக வருவது கர்த்தருக்கு. முதலாவது இல்லை, பத்தாவது. அப்படியென்றால் ஒன்பது ஆடு வைத்திருந்தவன் கதி என்ன? அவனுக்குப் பத்தாவது என்று ஒன்று வரவே இல்லை, அவன் கொடுக்க வேண்டியதும் இல்லை. யூதர்களின் பழைய சட்ட விளக்கங்களும் இதை இப்படித்தான் எடுத்துக்கொண்டன.

அதனால் டீசல், ஐஸ், படகுப் பங்கு எல்லாம் போய் உங்கள் கைக்கு வருகிறதே, அதுதான் உங்கள் விளைச்சல். அதில் எடுத்து வையுங்கள். வராத நாளுக்கு ஒன்றும் இல்லை. தடைக்காலத்தில் வரும் நிவாரணப் பணம் வீட்டு அடுப்புக்கு. ஜூன் மாதம் படகு இறங்கினதும் பழைய பாக்கி என்று யாராவது கணக்குக் காட்டினால், தசமபாகத்தில் பாக்கி என்ற பேச்சே கிடையாது என்று சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம், வேதபாட வகுப்பு நடத்துகிறவர்: மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணம் வருவதற்கு முன்பே ஆபிரகாம் தசமபாகம் கொடுத்தார். அப்படியானால் நியாயப்பிரமாணம் போன பிறகும் அது நிற்கும்தானே?

இந்த வாதத்தை மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன், பலர் இதில்தான் நிற்கிறார்கள். ஆதியாகமம் 14இல் ஆபிராம் (ஆபிரகாமின் முந்தைய பெயர்) சாலேமின் ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தது போரில் மீட்டு வந்த பொருளிலிருந்து. அந்த ஒரு தடவையைத்தான் வேதம் சொல்கிறது. வருடா வருடம் கொடுத்ததாக இல்லை. ஆபிரகாமின் பேரன் யாக்கோபு பெத்தேலில் சொன்னது ஒரு பொருத்தனை, அதாவது நேர்த்திக்கடன்: என்னைக் காப்பாற்றி, சாப்பிட ஆகாரமும் உடுக்க வஸ்திரமும் தந்தால் பத்தில் ஒன்று தருவேன் என்றார். இரண்டும் மனதிலிருந்து வந்த கொடுத்தல். கட்டளைக்குக் கீழ்ப்பட்டது அல்ல.

இன்னொன்று. விருத்தசேதனமும் மோசேக்கு முன்பே வந்ததுதான், ஆதியாகமம் 17இல். அதை நாம் யார்மேலும் சுமத்துவதில்லை. புறஜாதி விசுவாசிகளுக்கு எதெல்லாம் அவசியம் என்று எருசலேமில் கூடிப் பேசி எழுதின கடிதம் அப்போஸ்தலர் 15இல் இருக்கிறது. அதில் தசமபாகம் இல்லை.

உங்கள் பக்கத்துக்குப் பலமான வசனம் மத்தேயு 23:23. ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகம் வரைக்கும் எண்ணிக் கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்று இயேசு பரிசேயரைக் கண்டிக்கிறார். அதோடு, இதையும் விடாதிருக்க வேண்டும் என்கிறார். ஆலயம் நின்றுகொண்டிருந்த காலத்தில், நியாயப்பிரமாணத்துக்குக் கீழ் இருந்தவர்களிடம் சொன்னது என்று நான் படிக்கிறேன். நீங்கள் வேறு விதமாகப் படித்தால் சண்டையில்லை. எடை எதில் அதிகம் என்று அவரே சொல்லிவிட்டார், அதை மட்டும் வகுப்பில் விடாமல் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை, ஒரு தாய்: மகனுக்கு அடிக்கடி வலிப்பு வருகிறது. ஜெபத்துக்குப் போன இடத்தில், நீங்கள் தசமபாகத்தில் தேவனை வஞ்சிக்கிறீர்கள், மல்கியா சொன்ன சாபம் இது என்றார்கள். நான்கு மாதமாக அழுகிறேன்.

அம்மா, முதலில் இதைக் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் வலிப்புக்கும் உங்கள் காணிக்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறவியிலேயே பார்வையில்லாதவனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று இயேசு சொன்னார் (யோவான் 9). ஜிப்மரிலோ வேறு எங்கோ காட்டிக்கொண்டிருந்தால் அதைத் தொடருங்கள், மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.

இப்போது மல்கியா. தசமபாகங்களையெல்லாம் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்கிற 3ஆம் அதிகாரம் 10ஆம் வசனத்தை எல்லாரும் வாசிக்கிறார்கள், 5ஆம் வசனத்தை வாசிப்பதில்லை. அங்கே கர்த்தர் யாருக்கு விரோதமாகச் சாட்சியாக நிற்கிறார் தெரியுமா? கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவைகளையும் திக்கற்ற பிள்ளைகளையும் ஒடுக்குகிறவர்களுக்கும் விரோதமாக. அந்தப் புத்தகத்தின் 1ஆம் அதிகாரத்தில் கண்டிக்கப்படுகிறவர்கள் ஆசாரியர்கள். குருடும் நொண்டியுமான மிருகங்களைப் பலியிட்டதற்காக. பண்டசாலை என்றால் தானியம் வைக்கிற அறை. அதே காலத்து நிலைமை நெகேமியா 13இல் இருக்கிறது: தசமபாக தானியம் வைக்க வேண்டிய பெரிய அறையை எலியாசிப் என்ற ஆசாரியன் தன் உறவினன் தொபியாவுக்குத் தங்கக் கொடுத்துவிட்டான். ஆலய வேலை செய்கிற லேவியருக்குப் பங்கு கிடைக்கவில்லை. அவர்கள் பாடுகிற வேலையை விட்டு வயலுக்குப் போய்விட்டார்கள். வஞ்சித்தல் என்றால் இது. ஊழியக்காரனும் ஏழையும் பட்டினி கிடக்க, சேமிப்பு அறையை ஆசாரியனே உறவுக்காரனுக்கு ஒதுக்கியது.

அந்த வசனத்தை வைத்து, நோயாளிப் பிள்ளையை மடியில் வைத்திருக்கிற தாயை மிரட்டுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து கிறிஸ்து நம்மை மீட்டுக்கொண்டார், கலாத்தியர் 3:13. இன்று இரவு அதை வாசித்துவிட்டுத் தூங்குங்கள்.

திருப்பாதிரிப்புலியூர், மகளிர் குழுவில் இருக்கும் அக்கா: வாரக் கடன் கட்டுகிறேன். கடன் வாங்கியாவது தசமபாகம் கொடுத்தால் கடன் தீரும் என்கிறார்கள்.

கொடுக்காதீர்கள் அக்கா. கடன் வாங்கின பணம் உங்கள் விளைச்சல் இல்லை. ஒருவனுக்கு இல்லாததை வைத்து அல்ல, இருப்பதை வைத்தே அவன் கொடுப்பது ஏற்றுக்கொள்ளப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது.

என் வீட்டிலேயே இது நடந்தது. அப்பா இறந்த வருடம் ஒரு கூட்டத்துக்குப் போய்வந்த அம்மா, காதில் இருந்த தோட்டை அடகு வைத்துக் கொடுத்துவிட்டார். இரட்டிப்பாய்த் திரும்பும் என்று மேடையில் சொன்னார்களாம். தோடு மூழ்கிப்போனது. அதைவிட, தனக்கு விசுவாசம் போதவில்லை என்று அம்மா பல வருடம் தன்னையே நொந்துகொண்டதுதான் எனக்கு ஆறவில்லை. ஏழை விதவை இரண்டு காசு போட்டதை (மாற்கு 12) எடுத்து இப்படிப் பேசுவார்கள். அதற்கு முந்தின வசனத்தையும் பாருங்கள்: விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை இயேசு கண்டித்த கையோடுதான் அந்த விதவை வருகிறாள்.

கையால் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் தவித்தால், நம் பாட்டிமார் செய்த பிடியரிசி இருக்கிறதே. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து, சேர்ந்ததும் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். எத்தனையோ சபைகளில் ஊழியக்காரர் வீட்டு அடுப்பு அதில் எரிந்திருக்கிறது.

வில்லியனூர், கத்தோலிக்கர்: எங்கள் பங்கில் தசமபாகம் என்று கேட்பதில்லையே. உங்களுக்கு மட்டும்தானா?

உங்கள் திருச்சபையிலும் ஒரு காலத்தில் இருந்தது. 585இல் பிரான்சு நாட்டு மாக்கோன் நகரில் கூடிய ஆயர்கள் சங்கம் தசமபாகத்தை வற்புறுத்தியது. 779இல் சார்லமேன் மன்னன் அதை அரசுச் சட்டமாகவே ஆக்கினான். அதன் பிறகு அது வரியாகிவிட்டது. ஜனங்கள் வெறுத்தார்கள். 1789 புரட்சியில் பிரான்சு ஒழித்த முதல் காரியங்களில் அதுவும் ஒன்று. இன்று உங்கள் திருச்சபைச் சட்டம் (எண் 222) திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்கிறது, சதவீதம் சொல்லவில்லை. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. ஆனால் சதவீதம் இல்லை என்பதற்காகப் பூசையில் பத்து ரூபாய்த் தாளோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம்.

அரியாங்குப்பம், ஆட்டோ ஓட்டுநர்: அப்பாவுக்கு டயாலிசிஸ். அவருக்குச் செலவு செய்தால் தசமபாகம் கொடுக்க முடியவில்லை.

அப்பாவைப் பாருங்கள் தம்பி. உங்களுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது காணிக்கை, என்று தகப்பனிடம் சொல்லிக் கைகழுவினவர்களை இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்று மாற்கு 7இல் வாசியுங்கள்.

கடலூர், பெயர் வேண்டாம் என்றவர்: சபைக்குக் கொடுக்காமல் நேரடியாக ஏழைகளுக்குக் கொடுத்தால் போதாதா? எங்கள் போதகர் கணக்கே காட்டுவதில்லை. கேட்டால், தேவனுடைய பணத்துக்கு மனுஷன் கணக்குக் கேட்கக் கூடாது என்கிறார்.

முதல் பாதிக்கு: உபாகமம் 14 முழுவதையும் வாசியுங்கள். அங்கே தசமபாகத்தை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதிக்குப் போய்ச் சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்லியிருக்கிறது. தூரம் அதிகமானால் விற்றுக் காசாக்கி, அங்கே போய் வேண்டியதை வாங்கிச் சாப்பிடலாம். மூன்றாம் வருடத்தில் எடுப்பது ஊர் வாசலில் வைக்கப்படும். லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை வந்து திருப்தியாய்ச் சாப்பிட வேண்டும். ஆக ஏழைக்குக் கொடுப்பது தசமபாகத்துக்கு வெளியே இருக்கிற காரியம் இல்லை. நாங்கள் வீட்டில் பாதியைச் சபைக்கும் பாதியை, தெரிந்த இரண்டு பிள்ளைகளின் படிப்புக்கும் கொடுக்கிறோம். சபைக்கு ஒன்றுமே வேண்டாம் என்று மட்டும் சொல்லமாட்டேன். ஆயர் சம்பளம், கரண்டு பில், கோயிலைப் பெருக்குகிறவருக்குக் கூலி எல்லாம் யார் தருவது?

இரண்டாம் பாதிக்கு: கணக்குக் கேட்பது அவிசுவாசம் இல்லை. 2 இராஜாக்கள் 12இல் யோய்தா ஆசாரியன் ஒரு பெட்டியின் மூடியில் துளை போட்டு வைக்கிறான். நிறைந்ததும் ராஜாவின் சம்பிரதியும் (எழுத்தரும்) பிரதான ஆசாரியனும் சேர்ந்து எண்ணுகிறார்கள். ஏன் பெட்டி வந்தது? அதற்கு முன் பணம் வாங்கின ஆசாரியர்கள் ஆலயத்தைப் பழுதுபார்க்காமலே விட்டதால். பவுலும், யாரும் குறை சொல்லாதபடிக்குத்தான் இந்தப் பணத்தோடு வேறு சகோதரரையும் அனுப்புகிறேன் என்கிறார் (2 கொரிந்தியர் 8:20).

எங்கள் சபையில் மூன்று பேர் இல்லாமல் பையை அவிழ்க்கவே மாட்டோம். எண்ணி, நோட்டில் எழுதி, மூவரும் கையெழுத்து. திங்கட்கிழமை வங்கியில் போட்டுவிடுவோம். கூகுள் பேயில் அனுப்புகிறவர்கள் ஒன்று பாருங்கள்: ஸ்கேன் செய்ததும் திரையில் வருவது சபையின் பெயரா, ஒரு தனி மனிதரின் பெயரா? தனிப் பெயர் வந்தால் அனுப்பாமல் கமிட்டியிடம் கேளுங்கள். கேட்டும் கணக்கு வரவில்லையென்றால், ஊர் வாசலில் விதவை இருக்கிறாள், அங்கே கொடுங்கள்.

உப்பளம், ஞாயிறு பள்ளி, 4ஆம் வகுப்பு: தாத்தா, ஆயா எனக்கு 100 ரூபாய் கொடுத்தாங்க. 10 ரூபாய் உண்டியலில் போடணுமா?

உனக்கு ஆசையாக இருந்தால் போடு கண்ணு. அம்மா சொன்னார்கள் என்பதற்காகப் போட வேண்டாம். மிச்சம் 90இல் உனக்கு வேண்டியதை வாங்கு, ஆயாவுக்கும் ஏதாவது தின்ன வாங்கிக்கொண்டு போய், இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.