‘லெஃப்ட் ஹேண்ட் பாத்’ ஆல்பத்தின் கிட்டார் ஒலி ஏன் ரம்பம் போல் இருக்கிறது?

டெத் மெட்டல் என்னும் கடுமையான ராக் இசை வகையைச் சேர்ந்த ஸ்வீடனின் என்டூம்ட் குழு 1990-இல் வெளியிட்ட முதல் ஆல்பம் இது. அந்த ஒலிக்கு முக்கியக் காரணம், கிட்டார் ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்கும், காலால் மிதித்து இயக்கும் ஒரு சிறு கருவி: ஜப்பானின் பாஸ் நிறுவனம் தயாரித்த எச்எம்-2 பெடல். அதன் திருகுகள் அனைத்தையும் கடைசிவரை திருப்பிவிட்டார்கள். தந்திகளின் சுருதியையும் வெகுவாகத் தாழ்த்தினார்கள். அடியில் பாறையின் கனம், மேலே அரம் தேய்க்கும் கரகரப்பு.

ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவில் இதைப் பதிவு செய்தவர் தாமஸ் ஸ்கோக்ஸ்பெர்க். அதே காலத்தில் ஃப்ளோரிடாவின் டெத் மெட்டல் பதிவுகள் ஒவ்வொரு அடியும் தனித்துக் கேட்கும்படி துல்லியத்தை நாடின. இங்கோ எல்லாம் ஒன்றாகக் குழைந்து நம்மேல் சரிகிறது. அந்தக் குழைவைக் குறை என்பவர்களோடு என்னால் உடன்பட முடியாது. ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய முதல் பாடலின் பின்பாதியில் வேகம் அடங்கி, துயரம் தோய்ந்த மெட்டு ஒன்று எழுகிறது. இரைச்சலுக்குள் இத்தனை அழகா என்று இன்றும் சிலிர்க்கிறது.

அடுத்த ஆண்டே டிஸ்மெம்பர் குழு அதே ஸ்டூடியோவில் இதே ரம்ப ஒலியோடு தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தது. உற்பத்தி நின்றுபோன அந்தப் பெடலை, பல ஆண்டுகள் கழித்து பாஸ் நிறுவனமே மீண்டும் தயாரித்தது.