சாவி ஆருட கையில? புருசன் பொஞ்சாதி பயணக் கேள்விகள்

பள்ளிக்கூட லீவு விட்டாக் காணும், கொழும்பு, கண்டி, கதிர்காமம் எண்டு எல்லாரும் வெளிக்கிடுவாங்க, வெளிக்கிடக்குள்ள கேட்டடியில வச்சு ஒரு முறுகல், ஆரு ஓடுற எண்டு. கார் ஓடப் படிப்பிக்கிற எனக்கு வழமையா லைசன்ஸுக்கு ஓடிக் காட்டுற ட்ரையல்ல என்ன செய்யச் சொல்லுவாங்க, கிளச் எப்ப விடுற எண்டுதான் கேள்வி வரும், இந்தமுறை முழுக்க குடும்ப விசயம். சரி, ரோட்டுப் பக்கத்தை நான் சொல்லுறன், வீட்டுப் பக்கம் உங்கட பாடு.

மட்டக்களப்பு கல்லடி வாசகி: அக்கா, ஸ்கூலுக்குப் போறது வாறது எல்லாம் நான்தான் வேகன் ஆர்ல. ஆனா கொழும்புக்குப் போறெண்டா மட்டும் இவர் ஸ்டியரிங்கை விடமாட்டார். வேலை முடிஞ்சு வந்து சாப்பிட்டுட்டு ராவு பத்து மணிக்கு வெளிக்கிடுவார், சாமத்தில கண் சொருகுறது எனக்குத் தெரியும், கேட்டா "நீ படு, நான் பாத்துக்கிறன்" எண்டுவார். என்ன செய்ற?

தங்கச்சி, முதல் விசயம் நீங்க படுக்காதீங்க.

விடிய ஆறு மணிக்கு எழும்பின மனிசன் ராவு பதினொண்டுக்கு 17 மணித்தியாலம் முழிச்சிருக்கார். அந்த நேரம் அவர்ட கையும் காலும் வேலை செய்ற வேகம் கொஞ்சம் குடிச்ச ஆளுட வேகம்தான், இது ஆராய்ச்சி செய்து பாத்த விசயம், நான் பயமுறுத்தச் சொல்லல்ல. 70ல போகக்குள்ள மூண்டு செக்கன் கண் மூடினா கார் கிட்டத்தட்ட 58 மீற்றர் ஆளில்லாம ஓடியிருக்கும். பிளேன்ரீ, கோப்பி குடிச்சா உடன முழிப்பு வராது, அரை மணித்தியாலம் பிடிக்கும், அதால குடிச்சிட்டு ஒரு இருவது நிமிசம் சீற்றைச் சாய்ச்சுப் படுத்து எழும்பினாத்தான் பிரயோசனம்.

அதோட எங்கட பாதையில ராவுப் பயணம் எண்டா ஆனையும் சேந்துதான். ஓட்டமாவடி தாண்டினா புணானை, வெலிகந்த, மறுகா மின்னேரியா ஹபரணைப் பக்கம், மங்கல் நேரத்தில இருந்து விடியுமட்டும் எங்க வேணுமெண்டாலும் நிக்கும், லைட் வெளிச்சத்தில கால் நாலும் மரம் மாதிரித்தான் தெரியும், கிட்டப் போனாத்தான் மேல உடம்பு இரிக்கி எண்டு விளங்கும். நித்திரைக் கண்ணோட இதைப் பாக்க ஏலாது. விடிய அஞ்சரைக்கு வெளிக்கிடுங்க, புணானைக்குப் போகக்குள்ள நல்லா வெளிச்சிடும்.

இனி ஆரு ஓடுற எண்ட கதை. சாமம் ரெண்டு மணிக்கு ரோட்டோரத்தில வச்சு "என்னட்டத் தாங்க" எண்டு கேட்டா எந்தப் புருசனும் தரமாட்டான், அது அவர்ட ஓட்டத்தைக் குறை சொன்ன மாதிரித்தான் காதில விழும். முதல் நாளே பேசி இடம் குறிச்சிருங்க. மட்டக்களப்பில இருந்து பொலன்னறுவை வரைக்கும் நீங்க, அங்க டீக்கடையில மாறி குருநாகல் வரைக்கும் அவர், அதுக்குப் பிறகு 2022ல திறந்த குருநாகல் மீரிகம அதிவேகப் பாதையில ஆருக்கு நித்திரை வரல்லையோ அவங்க. கொழும்புக்குள்ள நெரிசல் பழக்கம் அவருக்குத்தான் எண்டா அந்தத் துண்டு அவருக்கே போகட்டும், சமமாப் பிரிக்கோணும் எண்டு ஒரு சட்டமும் இல்ல.

மாறக்குள்ள நிறையப் பேர் விடுற பிழை ஒண்டு இரிக்கி. அவர் உயரம், சீற் பின்னுக்குப் போய்க் கிடக்கும், நீங்க ஏறி அப்பிடியே நுனியில குந்தி ஓடத் தொடங்குவீங்க, பிரேக்கை முழுசா மிதிக்கக் கால் எட்டாது, நடுக் கண்ணாடியில காரிட கூரைதான் தெரியும். சீற், சாய்வு, மூண்டு கண்ணாடி, பெல்ட், இந்த ஒழுங்கில சரி பண்ணிட்டு சாவியைத் திருப்புங்க. பின்னுக்கு ஆரும் அவசரப்படுத்தினா அவங்களை இறக்கி விடுங்க, பகிடிக்குச் சொல்லுறன்.

உள்ளதைச் சொன்னா எங்கட ஊர்ப் பழக்கம் எனக்குச் சிரிப்புத்தான். கலியாணம் முடிச்சா மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வாறார், வீடு வளவு பொண்ணுட பேரில, சில இடத்தில காரும் பொண்ணுட பேரில. சாவி மட்டும் அவர்ட பொக்கற்றில.

சம்மாந்துறை வாசகர்: மிஸ், என்ட பொஞ்சாதி என்னைவிட நல்லா ஓடுவா, நான் ஒத்துக்கிறன். ஆனா உம்மா பின்னுக்கு ஏறினா "ஆம்புள ஒருத்தன் இரிக்கக்குள்ள இவ என்னத்துக்கு ஓடுறா" எண்டு தொடங்கிடுவா, கல்முனைக்குப் போய்ச் சேரக்குள்ள பொஞ்சாதிக்குக் கை நடுங்குது.

தம்பி, உம்மாவை முன்னுக்கு இருத்துங்க, நீங்க பின்னுக்குப் போங்க. பின் சீற்றில இருந்தா ரோடு வடிவாத் தெரியாது, தெரியாட்டிப் பயம், பயம்தான் வாயால வேற கதையா வருது. முன்னுக்கு பெல்ட்டையும் போட்டு இருத்தினா மருமகள் எங்க பாக்கா, எப்ப பிரேக் பிடிக்கா எல்லாம் அவ கண்ணால காணுவா. மத்தது, "நான்தான் ஓடச் சொன்ன" எண்டு நீங்க வீட்டில வச்சு ஒருக்கா உம்மாட்டச் சொல்லோணும். அதைச் சொல்லாம காருக்குள்ள ஃபோனைப் பாத்துக்கிட்டு சும்மா இருந்தா ஏச்சு முழுக்க அந்தப் பிள்ளைக்குத்தான் விழும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில கல்முனை பசாருக்குள்ள போய் முதல் பயணத்தைப் பழக வேணாம், நல்லாப் பழகின எனக்கே அந்த நேரம் வேர்க்கும்.

அவ ட்ரையல் ஓட்டோ கியர்ல குடுத்தவ எண்டா லைசன்ஸ்லயும் அப்பிடித்தான் விழுந்திரிக்கும். எடுத்துப் பாருங்க, கூட்டாளிட கியர் வேனை "ஒருக்கா ஓடிப் பாரு" எண்டு குடுத்திராதீங்க.

பெரியகல்லாறு வாசகர்: மஹியங்கனைப் பக்கத்தால கண்டிக்குப் போனா பதினெட்டு வளைவில மனிசிக்குச் சத்தி. ஒவ்வொரு முறையும் நிப்பாட்டி நிப்பாட்டித்தான் போறம்.

மனிசிக்கு லைசன்ஸ் இரிக்கா? இருந்தா அந்த ஏத்தத்தை அவட்டக் குடுங்க. ஓடுற ஆளுக்குச் சத்தி வாறது குறைவு, வளைவு வாறது உடம்புக்கு முன்னமே தெரியும். ஆனா சத்திக் குளிசை போட்டவ எண்டா ஓடவே வேணாம், அது நித்திரை தூக்கும், தடிமனுக்குப் போடுற பிரிட்டன் (Piriton) குளிசையும் அப்பிடித்தான். லைசன்ஸ் இல்லாட்டி முன் சீற், தூரத்துக்குப் பார்வை, ஃபோன் பாக்கிறதில்ல. நீங்களும் வளைவுக்கு முன்னமே வேகத்தைக் குறைச்சுப் பழகுங்க, வளைவுக்குள்ள வச்சு பிரேக்கைக் குத்தினா ஆருக்கும் வயிறு பிரட்டும். இறங்கக்குள்ள சின்னக் கியர்.

அக்கரைப்பற்று வாசகர்: நான் ஓடுவன், அவ பக்கத்தில இருந்து "ஐயோ", "மெல்லப் போங்க", "அந்தா வாறான்" எண்டு கத்துறா. மட்டக்களப்புக்குப் போய்ச் சேரக்குள்ள தலையிடி. எனக்கு எத்தின வருச அனுபவம் தெரியுமா?

அனுபவத்தை விடுங்க, எத்தினையில போறீங்க? அக்கரைப்பற்றில இருந்து நிந்தவூர், காரைதீவு, கல்முனை, களுவாஞ்சிக்குடி எண்டு கல்லடிப் பாலம் வரைக்கும் ஏறக்குறைய முழுக்க ஊர்தான், ஊருக்குள்ள 50க்கு மேல போக ஏலாது. காத்தான்குடியில நடு ரோட்டில ஈச்சை மரம் வடிவுதான், ஆனா அந்த இடைவெளிக்குள்ளால ஸ்கூட்டி ஒண்டு கிறுகி வந்தா உங்கட அனுபவத்துக்கு ஒரு செக்கன்தான் கிடைக்கும். ரெண்டு பயணம் 50ல போய்ப் பாருங்க, அதுக்குப் பிறகும் அவ கத்தினா எனக்கு எழுதுங்க.

அவவுக்கும் ஒரு சொல்லு. "ஐயோ" எண்டா ஓடுறவர் ரோட்டை விட்டுட்டு உங்கட முகத்தைப் பாப்பார். "இடப்பக்கம் மாடு", "முன்னால லான்ட்மாஸ்டர் ட்ரக்டர், பின் லைட் இல்ல" எண்டு விசயத்தைச் சொல்லுங்க. ராவில ரோட்டில படுத்துக் கிடக்கிற மாட்டை பக்கத்தில இருக்கிற ஆள்தான் கனதரம் முதல்ல காணும். ஃபோனும் வழி பாக்கிற மேப்பும் அவட கையில இருக்கட்டும், கோல் வந்தா அவ எடுத்துக் கதைக்கட்டும்.

வாழைச்சேனை வாசகி: கலியாண வீட்டுக்குப் போனா இவர் "ரெண்டு பியர்தான்" எண்டு குடிச்சிட்டு கார் எடுக்கிறார். எனக்கு ஸ்கூட்டி லைசன்ஸ் மட்டும்தான், ஆனா கார் ஓரளவு ஓடுவன். நான் எடுக்கலாமா?

எடுக்க ஏலாது. ஸ்கூட்டி லைசன்ஸ் காருக்குச் செல்லாது, எங்கயும் முட்டினா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவான். அவரும் எடுக்க ஏலாது. சட்டத்தில 100 மில்லி லீற்றர் இரத்தத்தில 80 மில்லிகிராம்தான் எல்லை, ஆனா அதுக்குக் கீழயே கண்ணும் கையும் பிழைக்கத் தொடங்கிரும். தேசிக்காய்த் தண்ணி, மோர், தலையில தண்ணி வாக்கிறது, ஒண்டும் இரத்தத்தில உள்ளதைக் குறைக்காது, நேரம் போனாத்தான் இறங்கும். காரை கலியாண வீட்டு வளவில விட்டுட்டு த்ரீவீல்ல வாங்க. அடுத்த கலியாணத்துக்கு முன்னம் நீங்க கார் லைசன்ஸை எடுத்திருங்க தங்கச்சி, இது உங்களுக்கு நான் சொல்லுற வீட்டுவேலை.

டொரோன்டோவில இருந்து களுவாஞ்சிக்குடிக்கு வாறவர்: கட்டுநாயக்கவில இறங்கி வேன் எடுத்து நானே ஓடி வரலாம் எண்டு இரிக்கன். மனைவி தான் ஓடுறன் எண்டுறா. ஆரு நல்லம்?

ரெண்டு பேரும் வேணாம், முதல் நாளைக்கு டிரைவரோட வேன் பிடிங்க. அவ்வளவு தூரம் பறந்து வந்த உடம்புக்கு இஞ்சத்தப் பகல் அங்கத்த ராவு. அதோட கனடா லைசன்ஸை மட்டும் காட்டி இஞ்ச ஓட ஏலாது, இலங்கையில அதுக்கு அனுமதி எடுக்கோணும். அங்க வலப்பக்கம், இஞ்ச இடப்பக்கம், சிக்னல் தண்டும் மாறி இரிக்கும், திரும்பப் போடுற எண்டு வைப்பரைப் போட்டுக்கிட்டு நிப்பீங்க. ஊருக்கு வந்து நல்லா நித்திரை கொண்டு, பேப்பர் எல்லாம் சரி எண்டா, விடிய வெள்ளென படுவான்கரைப் பக்கம் ரெண்டு பேரும் மாறி மாறி ஓடிப் பழகுங்க.

ஏறாவூர் வாசகி: ஸ்கூட்டியில நான் ஓட, பின்னுக்கு இருக்க இவருக்கு வெக்கமாம்.

வெக்கத்துக்கு மருந்து இல்ல. ரெண்டு பேருக்கும் ஹெல்மெட் இருந்தா முகமும் தெரியாதே. ஆனா அவர் பாரமான ஆள் எண்டா ஒழுங்கைக்குள்ள முதல் பழகுங்க, பிரேக் பிடிக்கவும் கிறுகவும் தனிய ஓடுறதைவிட வித்தியாசமா இரிக்கும்.

திருக்கோவில் வாசகி: எனக்கு 57 வயது. இவர் பென்சன்காரர், சீனி வருத்தம், ராவில எதிர் வாகன வெளிச்சம் வெடிச்சுத் தெரியுது எண்டுறார், ஆனாலும் சாவியைத் தரமாட்டார். தந்தாலும் எனக்கு ஓடத் தெரியாது. இந்த வயதில பழகலாமா?

அக்கா, 18க்குக் கீழதான் சட்டம் மறிக்கும், 57க்கு ஒண்டும் மறிக்காது. வயது போன ஆக்கள் பழகக் கொஞ்சம் கூட நாள் எடுக்கும், ஆனா அவசரப்படமாட்டாங்க, எனக்கு அப்பிடிப்பட்ட ஆக்களைப் படிப்பிக்கத்தான் விருப்பம்.

வெளிச்சம் வெடிக்கிறது எண்டா கண்ணில வெண்படலமா இருக்கலாம், கண் கிளினிக்கில காட்டுங்க, பாக்குமட்டும் ராவில அவர் ஓட வேணாம். சீனிக்கு ஊசி போடுறவர் எண்டா சாப்பிடாம வெளிக்கிடவும் விடாதீங்க, சீனி இறங்கினா வேர்த்து நடுங்கும், தலை சுத்தும், அந்த நேரம் ஓரம் கட்டிறதுதான் ஒரே வழி, இனிப்பு எதாவது எப்பவும் காரில கிடக்கட்டும். சாவியைப் பறிக்கிறதைவிட "ராவில போற சோலி எல்லாத்தையும் பகலுக்கு மாத்துவம்" எண்டு கேட்டுப் பாருங்க, அதுக்கு அவர் ஒத்துக்குவார்.

புருசனிட்ட மட்டும் ஓடப் பழக வேணாம். ஒரு கிளச் பிழைச்சா முப்பது வருசத்துக் கதை எல்லாம் காருக்குள்ள வந்திரும். லைசன்ஸுக்குக் கேக்கிற மெடிக்கல் சேர்ட்டிபிக்கட்டை எடுத்துக்கிட்டு, தட்டைச் செருப்போட, விடிய வாங்க. முதல் நாள் அவரைக் கூட்டிக்கிட்டு வராதீங்க.