ரேட்டிங் 9 ஸ்கூலுக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

"மேரிலாண்டில் ஹோவர்ட் கவுண்டிக்கு மாறுகிறோம். கிளார்க்ஸ்வில்லில் பத்துக்கு 9 ரேட்டிங் உள்ள ஸ்கூல் எல்லைக்குள் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். அதே அளவு வீடு கொலம்பியாவில் விலை குறைவு. பையன் மூன்றாம் வகுப்பு. என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீடு பிடித்திருந்தால் வாங்குங்கள். ஸ்கூலுக்காக மட்டும் என்றால் வேண்டாம். பத்திரத்தில் உங்கள் பேருக்கு வருவது வீடும் நிலமும்தான்; இங்கே வீட்டு முகவரியை வைத்துத்தான் அரசு ஸ்கூல் ஒதுக்குவார்கள், அந்த எல்லைக்கோட்டை வரைவது கவுண்டியின் கல்வி போர்டு. பையன் ஹைஸ்கூல் போக இன்னும் ஆறு வருடம் உண்டு. அதுவரை எல்லைக்கோடு நகராது என்று வீட்டுத் தரகர் (ரியல்டர்) உட்பட யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

2019 ஆகஸ்டில் கவுண்டி ஸ்கூல்களின் தலைமை அதிகாரியான சூப்பரிண்டெண்டெண்ட் முன்வைத்த திட்டத்தில் சுமார் 7,400 பிள்ளைகளுக்கு ஸ்கூல் மாறுவதாக இருந்தது. பெரிய எதிர்ப்புக்குப் பிறகு நவம்பரில் போர்டு முடிவு செய்தது சுமார் 5,400 பேருக்கு. 2023-இல் ஜெஸ்ஸப்பில் கில்ஃபோர்ட் பார்க் ஹைஸ்கூல் திறந்தார்கள். அதற்காகவும் கோடுகள் மாறின.

கோடு நகர முதல் காரணம் இடநெருக்கடி. கொள்ளளவில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பது இலக்கு. வளாகத்தில் நிற்கும் தற்காலிக வகுப்பறைகள் இந்தக் கணக்கில் சேராது. இரண்டாவது, வசதியுள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டும் என்ற வருமானக் கலப்பு. மத்திய அரசின் விதிப்படி, குடும்ப வருமானம் வறுமைக்கோட்டில் 130 சதவீதம் வரை இருந்தால் மதிய உணவு இலவசம், 185 வரை சலுகை விலை. ஒரு ஸ்கூலில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் சதவீதத்தைத்தான் 'ஃபார்ம்' என்பார்கள். 2019-இல் ரிவர் ஹில் ஹைஸ்கூலில் அது ஒற்றை இலக்கம்; சில மைல் தள்ளியிருக்கும் வைல்ட் லேக்கில் 40-க்கு மேல். எல்லா வருமானக்காரரும் கலந்து வாழ வேண்டும் என்று 1967-இல் தொடங்கிய கொலம்பியாவிலேயே இந்த நிலை. தனி மாணவரின் இனத்தைப் பார்த்து ஸ்கூல் ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-இல் சொல்லிவிட்டதால், பேச்செல்லாம் வருமானத்தைச் சுற்றியே நடக்கும்.

நீங்கள் பார்க்கும் ரேட்டிங்கும் பெரும்பாலும் அந்த வருமானத்தின் நிழல்தான். பாடம் நடத்தும் தரத்தை அது தனியாகப் பிரித்துக் காட்டாது.

பெற்றோர் ஒரே அணி என்று நினைத்துவிடாதீர்கள். நெரிசலான ஸ்கூலில் இருப்பவர்களுக்குக் கோடு மாற வேண்டும். அதிக விலைக்கு வாங்கியவர்களுக்கு மாறக் கூடாது. நடந்து போகும் தூரத்தில் இருப்பவர்கள் பஸ்ஸை எதிர்ப்பார்கள். ஃபார்ம் அதிகமுள்ள பகுதியில் கலப்பை வரவேற்பவர்கள்கூட, தங்கள் பிள்ளைதானா தினமும் தூரம் போக வேண்டும் என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. 'எங்கள் சமூகத்தைப் பிரிக்காதீர்கள்' என்ற வாசகம் மட்டும் எல்லோர் வாயிலும் வரும். அதற்குப் பின்னால் எந்தக் கவலை என்று கவனியுங்கள்.

வாங்கும் முன் சில வேலைகள். வீடு விற்கும் தளங்களில் ஸ்கூல் பெயர் பழையதாக இருக்கலாம். கவுண்டியின் ஸ்கூல் தேடலில் கதவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். இங்கே ஊரைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து 'பாலிகன்' என்று எண் கொடுத்திருக்கிறார்கள். கோடு நகர்வது துண்டு துண்டாகத்தான். உங்கள் பாலிகன் எல்லையோரமா, உள்ளேயா என்று வரைபடத்தில் தெரியும். ஓரம் என்றால் ஆபத்து அதிகம். பிறகு மாணவர் எண்ணிக்கைக் கணிப்பைத் திறந்து, உங்கள் ஸ்கூலோடு பக்கத்து ஸ்கூல்களையும் பாருங்கள். கொள்ளளவில் ஒன்று 115 சதவீதம், அடுத்தது 85 என்றிருந்தால் நடுவிலுள்ள கோடு நிலைக்காது. இன்னொன்று பலர் கவனிப்பதில்லை: ஒரு மிடில் ஸ்கூலிலிருந்து 15 சதவீதத்துக்கும் குறைவானவர்கள் மட்டும் தனியே வேறு ஹைஸ்கூலுக்குப் போகிறார்கள் என்றால், அந்தச் சிறு கூட்டத்தைத்தான் அடுத்த முறை நகர்த்தப் பார்ப்பார்கள்.

கோடு மாறினாலும் ஹைஸ்கூல் மேல்வகுப்புப் பிள்ளைகள் பழைய ஸ்கூலிலேயே தொடர விலக்கு தருவது உண்டு. பஸ் கிடைக்குமா, தம்பி தங்கைக்கும் விலக்கு பொருந்துமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

போர்டு முன் பேசப் போனால் கிடைப்பது சில நிமிடம். வீட்டு விலையைப் பற்றிப் பேசி அதை வீணாக்காதீர்கள். பாலிகன் எண், பஸ் நேரம், எந்தப் பாலிகனை மாற்றினால் எந்த ஸ்கூல் எத்தனை சதவீதத்துக்கு வரும் என்ற கணக்கு, இவற்றோடு போங்கள்.

2019-இல் ஆகஸ்டில் திட்டம், நவம்பரில் முடிவு. அப்படிப்பட்ட மாதங்களில் வீட்டுக்கு ஒப்பந்தம் போட வேண்டி வந்தால், ஒரு வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு வாங்குங்கள்.