மனிதர்கள் ஏன் போருக்குப் போகிறார்கள்?

“போர்க்குணம் பிறவியிலேயே வருகிறதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்குத்தான் என்பேன்.

தான்சானியாவின் கோம்பே காட்டில், 1974 முதல் 1978 வரை, பிரிந்துபோன சிம்பன்சிக் கூட்டத்தின் ஆண்களைப் பழைய கூட்டம் ஒவ்வொன்றாக வேட்டையாடியதை விலங்கு ஆய்வாளர் ஜேன் குடாலின் குழுவினர் பதிவு செய்தார்கள். தனியாகச் சிக்கியதைப் பல சேர்ந்து அடித்தன. ஆபத்து குறைவு, கிடைப்பதோ நிலம். நம் மூதாதையரிடமும் இந்தக் கணக்கு வேலை செய்திருக்கலாம். ஆனால் நமக்கு அதே அளவு நெருங்கிய போனபோ குரங்குகளிடம் இப்படிப்பட்ட கூட்டக் கொலை பதிவாகவில்லை. அதனால் போர் நம் தலைவிதி என்று சொல்ல முடியாது.

சரி, சாகத் தெரிந்தே ஒருவன் ஏன் போகிறான்? மதுரைக்கு மேற்கே, ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006இல் ஒரு நடுகல் கிடைத்தது. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் ‘தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்’ என்று இருக்கிறது. ஆகோள் என்றால் மாடு கவர்தல். அந்தச் சண்டையில் விழுந்த தீயன் அந்தவனுக்காக நட்ட கல் அது. மாடு பிழைத்திருந்தவர்களுக்குப் போயிருக்கும். அவனுக்குக் கிடைத்தது பேர். அந்த மதிப்பு அவன் பிள்ளைகளுக்கும் உறவுக்கும் உதவியிருந்தால், உயிரைப் பணயம் வைக்கும் குணம் தலைமுறை தாண்டி நிலைத்திருக்கும். எனக்கு வலுவாகப் படும் விளக்கம் இதுதான்.