வாசகர் கேள்வி – பதில்: உர்பினோவில் ஒரு கோடைக்கால இதழியல் படிப்பு

கேள்வி: கோடை விடுமுறையில் வெளிநாட்டுக்குச் சென்று இதழியல் படிக்கும் மாணவர்கள் அங்கே உண்மையில் என்ன செய்கிறார்கள்? சுற்றுலாவையே படிப்பு என்ற பெயரில் விற்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.
– இதழியல் மாணவி, திருச்சி

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. அப்படிப்பட்ட படிப்புகளும் உண்டு. எது அப்படி இல்லை என்பதைக் காட்ட ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். இத்தாலியின் மார்க்கே மாநிலத்தில் மதில் சூழ்ந்த மலை நகரமாகிய உர்பினோவுக்கு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இதழியல் பயிலும் மாணவர்கள் கோடையில் ஏறத்தாழ ஒரு மாதம் தங்கிச் செய்தி சேகரிக்கும் பயிற்சிக்காக வந்திருக்கிறார்கள். ஓவியர் ரஃபேல் 1483-இல் பிறந்த ஊர் அது. அதன் பல்கலைக்கழகம் 1506-இல் தோன்றியது. பழைய நகரப் பகுதி 1998-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ஊருக்கு ரயில் இல்லாததால், கடலோர நகரமான பெசாரோவில் இறங்கிப் பேருந்தில் மலையேற வேண்டும்.

ஊர் இவ்வளவு அழகாக இருப்பதே மாணவருக்கு முதல் இடையூறு. கோமகன் ஃபெதெரிகோவின் அரண்மனை, ரஃபேல் பிறந்த வீடு, மலைச்சரிவில் மாலை வெயில் என்று வழிகாட்டி நூல்களில் ஏற்கெனவே உள்ளவற்றையே எழுதத் தோன்றும். நல்ல ஆசிரியர் அதைத் திருப்பிக் கொடுத்து, இதில் பேசுகிற மனிதர் யார், இதை இன்று ஏன் எழுத வேண்டும் என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் மாணவர் மதிலுக்கு வெளியே நடக்கத் தொடங்குகிறார். அருகிலுள்ள அக்குவாலான்யா, மண்ணுக்கடியில் விளையும் டிரஃபிள் காளானுக்குப் பெயர் பெற்ற சிற்றூர். நாயை அழைத்துக்கொண்டு காட்டில் காளான் தேடுகிறவர், அது கிடைக்கும் இடத்தை எளிதில் யாரிடமும் சொல்லமாட்டார். அவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும் என்பதை அவர் எதிரில் உட்கார்ந்துதான் கற்க முடியும். அதை வகுப்பறையில் சொல்லித்தர இயலாது. மதிய உணவுக்குப் பின் பல மணி நேரம் கடைகள் அடைத்திருக்கும் என்பதால், எப்போது போனால் ஆளைப் பார்க்கலாம் என்பதும் பாடத்தில் அடங்கும்.

ஆகவே, விளம்பரத்தில் உள்ள படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாணவரின் பிரதியை வரிவரியாகத் திருத்தித் திரும்ப எழுதச் சொல்லும் ஆசிரியர் இருக்கிறாரா, முந்தைய ஆண்டு மாணவர்கள் எழுதியவை வெளியாகியிருக்கின்றனவா என்று கேளுங்கள். அந்தக் கட்டுரைகளை நீங்களே படித்துப் பாருங்கள். பேட்டி கொடுத்த உள்ளூர்க்காரர்களின் பெயர்கள் அவற்றில் இல்லையென்றால், அந்தப் படிப்பு சுற்றுலாதான்.

கேள்வி: அந்த ஊர் மொழியே தெரியாதவர் எப்படிப் பேட்டி எடுப்பார்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மொழிபெயர்ப்பவரின் துணையோடுதான். உர்பினோவில் உள்ளூர்ப் பல்கலைக்கழக மாணவர்கள் இந்தப் பணியைச் செய்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் பயிற்சிகளில் மிகவும் முக்கியமாகப் படுவதும் இந்தக் கூட்டணிதான்; அரண்மனையை யாரும் பார்த்துவிட்டு வரலாம்.

முதியவர் ஒருவர் மூன்று நிமிடம் உணர்ச்சியோடு பேசி முடிக்கிறார். அருகிலிருப்பவர், “அந்தக் காலம் கஷ்டமாக இருந்தது என்கிறார்” என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். மூன்று நிமிடத்தில் சொன்னது எங்கே போயிற்று என்று மாணவர் திகைக்கும் அந்தத் தருணத்தில், தம் சொந்த மொழியில் எடுத்த பேட்டிகளிலும் தாம் எவ்வளவு கேட்காமல் விட்டிருப்போம் என்ற எண்ணம் அவருக்கு எழுமானால், பயணச் செலவுக்குப் பலன் கிடைத்துவிட்டது என்பேன். மொழிபெயர்ப்பவரிடம் முன்கூட்டியே பொருளை விளக்க வேண்டும். கேள்விகள் குறுகியதாக இருக்க வேண்டும். பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டுமே தவிர, மொழிபெயர்ப்பவரைப் பார்த்து அல்ல. “அவர் சொல்கிறார்” என்று தொகுக்காமல், “நான்” என்று அவர் சொன்னபடியே தன்மையில் சொல்லும்படி கேட்டுக்கொள்வது நல்லது. அனுமதி பெற்றுப் பதிவு செய்து, மேற்கோளாக வரவிருக்கும் வரிகளை இத்தாலி மொழி தெரிந்த இன்னொருவரைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். அதற்கு வழியில்லையென்றால் மேற்கோள் குறியை நீக்கிவிட்டுக் கருத்தை மட்டும் எழுதுவதே நேர்மை. கட்டுரையின் கீழே மொழிபெயர்த்தவரின் பெயரும் இடம்பெற வேண்டும். அவர் இல்லாமல் அந்தக் கட்டுரையே இல்லை.

கேள்வி: நான்கு வாரம் தங்கியவர் ஓர் ஊரைப் பற்றி எழுதுவது முறையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: ஊரைப் பற்றி என்றால் முறையில்லை, ஊரில் உள்ள ஒருவரைப் பற்றி, ஒரு பிரச்சினையைப் பற்றி என்றால் முறைதான். உர்பினோவைச் சுற்றியுள்ள மலைப்பகுதியில் அழகுக்கு அப்பாலும் செய்திகள் உண்டு. 2022 செப்டம்பர் 15 அன்று மார்க்கேயில் பெய்த பெருமழையில் கந்தியானோ என்ற சிற்றூர் வெள்ளத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இத்தகைய இடத்துக்குப் போகும் மாணவர், தாம் ஒரு மாதத்தில் புறப்பட்டுவிடுவோம் என்பதையும், தம்மிடம் பேசுகிறவர் அந்த ஊரிலேயே வாழப் போகிறார் என்பதையும் மறக்கலாகாது. தயக்கத்தோடு பேசியவரின் பெயரை வெளியிடுவதற்கு முன்பு மறுபடி கேட்பது மரியாதை. படம் எடுப்பதற்கும் இதே கவனம் வேண்டும். செய்திகளில் வரும் சிறுவர்களின் அடையாளத்தையும் அந்தரங்கத்தையும் காப்பதற்காக இத்தாலியப் பத்திரிகையாளர்கள் 1990-இல் திரெவீசோ சாசனம் என்ற நெறிமுறையை ஏற்றுக்கொண்டார்கள். சதுக்கத்தில் பந்து விளையாடும் பிள்ளைகளைக் கண்டதும் கேமராவைத் தூக்குகிற மாணவர், அந்த நெறிமுறையை இத்தாலிக்குக் கிளம்பும் முன்பே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: இந்தச் சான்றிதழால் வேலை கிடைக்குமா? கடன் வாங்கியாவது மகனை அனுப்பலாமா?
– ஒரு தந்தை, ஈரோடு

பதில்: கடன் வாங்கி அனுப்ப வேண்டாம். இத்தாலியிலேயே 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தொழில்முறைப் பத்திரிகையாளராகப் பதிவு பெற 18 மாதப் பயிற்சியும் அரசுத் தேர்வும் தேவை; ஒரு மாதப் படிப்பின் சான்றிதழை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் பெரிதாக எடுத்துக்கொள்ளமாட்டார். அங்கே எழுதி வெளியான இரண்டு மூன்று நல்ல கட்டுரைகளைக் காட்டினால் படித்துப் பார்ப்பார். உதவித்தொகை கிடைத்தால் அனுப்புங்கள். அமெரிக்க மாணவர் 90 நாள் வரை விசா இன்றித் தங்கலாம். இந்திய மாணவருக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவும், குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், கோடைக்கு முந்தைய மாதங்களின் நெரிசல் வரும் வரை காத்திருக்காதீர்கள்.